நாற்காலி மூட்டை

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. வேலை செய்யும் இடத்தில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அங்கே அவள் ‘டக்கு’. எதைக் கேட்டாலும் டக்கென்று பதில் சொல்லிவிடுவாள் என்பதால் வந்த பெயர். கேட்டுக் கேட்டு அவளுக்கே அது பிடித்துப்போயிற்று.

அந்த வேகம் சட்டைத் தொழிற்சாலையில் வந்தது. தைத்து வரும் சட்டைகளை நல்லது, பழுது என்று இரண்டு கூடையில் பிரித்துப் போடுவதுதான் அங்கே அவளுக்கு வேலை. கண் பார்ப்பதற்குள் கை போட்டுவிடும். பிறகு ஒரு கேமரா வந்தது. அது இன்னும் டக்கென்று பிரித்தது. கால் வலிக்கிறது என்று உட்காரவும் இல்லை. கூடையோடு அவளும் வெளியே வந்தாள். இடையில் கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. அதைப் பற்றிக் கேட்டால், “அதுல பழுது எதுன்னு கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நாளாயிடுச்சு” என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

சோற்றைப் பறித்தது இயந்திரம் என்றால், திரும்பப் போட்டதும் இயந்திரம்தான். ஊரில் ஆளில்லாத சாமான் வண்டிகள் ஓட ஆரம்பித்திருந்தன. இடுப்பு உயரம்கூட இராது. அடியில் சின்னச் சக்கரங்கள், மேலே மூடி போட்ட பெட்டி, முன்னால் மெத்தை வைத்துத் தைத்த முட்டு. கடையிலிருந்து வீட்டுக்குச் சாமான் கொண்டுபோகும். வழியில் எதையாவது பார்த்து அதற்குக் குழப்பம் வந்தால் நின்றுவிடும். நின்ற இடத்திலிருந்து ஒரு படம் பிடித்து அனுப்பும். அந்தப் படத்தைப் பார்த்து வழி சொல்ல ஒரு கட்டடத்தின் மாடியில் ஒரு கூடம், வரிசையாகத் திரைகள், திரைக்கு ஓர் ஆள். அவளும் அதில் ஓர் ஆள்.

திரையில் இரண்டே பட்டன். இடது பக்கம் ‘பொருள்’, வலது பக்கம் ‘மனிதர்’. மனிதர் என்று அழுத்தினால் வண்டி காத்து நிற்கும். பொருள் என்று அழுத்தினால் மெத்தை முட்டால் அதை மெதுவாக ஓரம் தள்ளிவிட்டுப் போகும். காலி அட்டைப்பெட்டி, குப்பைத் தொட்டி, விழுந்து கிடக்கும் சைக்கிள், எல்லாவற்றுக்கும் அதே மரியாதைதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. யாருடைய முகமும் வெளியே தெரியக் கூடாது என்று விதி. அதனால் படத்தில் தலை மாதிரி உருண்டையாக எது இருந்தாலும், பந்தானாலும் குடமானாலும், வண்டியே அதை மங்கலாக்கிவிட்டு அனுப்பும். தலையை அழித்துவிட்டு ஆளா என்று கேட்கிற இந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவர் நல்ல சம்பளத்தில்தான் இருப்பார். யோசித்துக்கொண்டே இருந்தால் திரைக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். அது எரிந்தால் கூடமே திரும்பிப் பார்க்கும்.

ஆகவே கூடத்தில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. எழுதி வைத்த விதி இல்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் டீயோடு சேர்த்துச் சொல்லித் தருவார்கள். அவளுக்குச் சொன்னது பக்கத்து சீட்டு அக்கா.

“தெரியலன்னா சாமான்னு போட்டுடு. கண்ணை மூடிட்டு இடது பக்கம்.”

“ஆளா இருந்துட்டா?”

“ஆளா இருந்தா திட்டிட்டு நகந்துக்குவான். இதுவரைக்கும் யாராவது புகார் சொல்லியிருக்காங்களா? நீ பாட்டுக்கு ஒரு குப்பைத்தொட்டிய ஆளுன்னு போட்டுட்டேன்னு வை, அது என்னிக்கு நகர்றது? வண்டி நிக்கும். சாமான் வரலன்னு அந்த வீட்டுக்காரம்மா கத்துவா. சார் வந்து உன் தலைமேல நிப்பாரு.”

நியாயமாகத்தான் பட்டது. ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள்? அவளும் ஒத்து வாழ்ந்தாள். மற்றவர்களைவிட வேகமாகவே ஒத்து வாழ்ந்தாள்.

வீட்டில் அப்பா மட்டும்தான். சாகிற வரைக்கும் பஸ் ஓட்டுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துபோய்ச் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். பேச்சு குழறும். அவளுக்குப் புரியும், மற்றவர்களுக்குப் பாதி புரியும். பஸ் ஓட்டிய காலத்தில் தன் தடத்தில் அவர் வாங்கிய சாபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நிறுத்தத்தில் ஆள் நின்றால் மட்டும் போதாது, கை காட்ட வேண்டும். காட்டினால் நிற்பார். காட்டாதவன் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். “கை காட்டாதவனுக்கு நான் எதுக்கு பிரேக்கைத் தேய்க்கணும்?” என்று கேட்பார்.

அவர்கள் குடியிருந்தது ஒரு சந்தின் உள்ளே, கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. பகலெல்லாம் அதற்குள் கிடப்பவருக்குச் சாயங்காலம் ஆனால் சந்து முனைக்குப் போயாக வேண்டும். அங்கே ஒரு சைக்கிள் கடை. கடைக்காரர் அவர் வயசுக்காரர். அவரே வந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய், அடுக்கி வைத்த பழைய டயர்களுக்குப் பக்கத்தில் நிறுத்துவார். எதிரே பெரிய ரோடு. ரோட்டில் பஸ். போகிற பஸ்களையெல்லாம் வாய்க்குள் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அப்பாவுக்கு மிச்சமிருந்த சந்தோஷம். உடம்பு எப்போதும் குளிர்கிறது என்பார். கட்டம் போட்ட கம்பளியைக் கழுத்துவரை போர்த்தி, குல்லாவைக் கண்வரை இழுத்து விட்டிருப்பார்.

ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது நாற்காலி சுவரைப் பார்த்து நின்றிருந்தது. தண்டனை வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“யாருப்பா திருப்பி வெச்சது?”

“தள்ளிட்டுப் போச்சு.”

“எது?”

“வண்டி. சாமான் வண்டி.”

அவள் நம்பவில்லை. தெருப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைத்தாள். கடைக்குள் வேலையாக இருந்த சைக்கிள் கடைக்காரரிடம், “ஒரு கண்ணு வெச்சுக்கக் கூடாதா?” என்று கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனுஷனுக்குக் கோபம்.

அடுத்த முறை அது விளையாட்டாக இல்லை. அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி ரோட்டைக் கடக்கும்போதே எதிரே பார்த்துவிட்டாள். நாற்காலியின் முன்சக்கரங்கள் நடைபாதையைத் தாண்டி ரோட்டுக்குள் இறங்கி நின்றன. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே விலகிப் போயிற்று. அவள் ஓடினாள். சைக்கிள் கடைக்காரரும் கையில் ஸ்பேனரோடு ஓடி வந்தார். இருவரும் சேர்ந்து நாற்காலியை உள்ளே இழுத்தார்கள். அப்பாவின் குல்லா கீழே விழுந்திருந்தது. முழங்கால் சிராய்த்திருந்தது.

“அந்தச் சனியன்தாம்மா. நான் பாத்தேன்” என்றார் கடைக்காரர், மூச்சு வாங்க. “முன்னெல்லாம் இவரைப் பாத்தா நிக்கும். ரொம்ப நேரம் நின்னு நின்னு பாத்துட்டு, அப்புறம்தான் சுத்திப் போகும், இல்ல லேசாத் தள்ளும். இப்ப நிக்கறதே இல்ல. நேரா வருது, தள்ளுது, போகுது.”

நின்று நின்று பார்க்கும் என்றால் என்ன அர்த்தம் என்று அவளைத் தவிர அந்தச் சந்தில் யாருக்கும் தெரியாது. நின்றது என்றால் கேட்டது என்று அர்த்தம். கேட்டது என்றால் யாரோ பதில் சொன்னார்கள்.

குல்லாவை எடுக்க அவள் மண்டியிட்டாள். எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் கண் அந்த வண்டியின் உயரத்தில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் நாற்காலியின் சக்கரங்கள் தெரியவில்லை. டயர் அடுக்கு மறைத்தது. பின்னால் சாயங்கால வெயில். முகம் இருட்டு. கட்டம் போட்ட கம்பளி மட்டும் உருண்டு திரண்டு, நாற்காலியில் தூக்கி வைத்த மூட்டை மாதிரி தெரிந்தது. பின்னால் கடையின் நீலக் கதவு.

தன் சந்து முனையை அவள் அந்த உயரத்திலிருந்து பார்த்ததே இல்லை. ஆனால் இந்த மூட்டையை அவளுக்குத் தெரியும். கூடத்தில் எல்லோருக்குமே தெரியும். கொஞ்ச நாளைக்கு முன்னால் சாயங்காலமானால் யாராவது ஒருவருடைய திரையில் இந்தப் படம் வரும். “வந்துட்டாருப்பா நாற்காலி மூட்டை!” என்று குரல் கொடுப்பார்கள். சிரிப்பு கிளம்பும். அக்கா ஒருநாள், “இந்த மூட்டைய எவனோ தினம் காத்து வாங்க உக்கார வெக்கிறான்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தப் படம் அவள் திரைக்கு வந்த நாட்களில் அவளும் அழுத்தினாள். டக்கென்று, இடது பக்கம்.

பிறகு அந்தப் படம் வருவது நின்றுபோயிற்று. மூட்டையை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அவள் நினைத்தது இப்போது ஞாபகம் வந்தது.

மறுநாள் காலையில் முதல் காரியமாகக் கூடத்து மேலாளரான சாரைப் போய்ப் பார்த்தாள். சின்ன வயசு, நல்ல மாதிரி. யாரையும் அதட்டிப் பேசமாட்டார்.

“சார், அந்த நாற்காலி மூட்டை இருக்கில்ல சார். அது எங்கப்பா.”

சார் சிரிக்கப் போய், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உட்காரச் சொன்னார். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு டீ கிளாஸை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“நாங்க அழுத்தினதை மாத்திடுங்க சார். அது ஆளுன்னு போட்டுடுங்க.”

“எதைம்மா மாத்தறது? நீங்க சொன்ன பதில் ஒவ்வொண்ணும் தனித்தனியா எங்கேயும் உக்காந்திருக்கல. எல்லாம் சேர்ந்துதான் வண்டிக்கு அறிவாயிருக்கு. டீயில சர்க்கரையப் போட்டுக் கலக்கியாச்சு. இந்த ஒரு கரண்டிய மட்டும் எடுன்னா எப்படி எடுப்பேன்?”

“சரி சார். இனிமே அந்தப் படம் வந்தா என் திரைக்கு அனுப்புங்க. நான் சரியா அழுத்தறேன்.”

“வராதும்மா.” அவர் குரல் இறங்கியது. “சந்தேகம் இருந்தாத்தானே கேட்கும்? அதுக்கு இப்ப சந்தேகமே இல்ல.”

“எங்க தெருவுல மட்டுமாவது நிக்கச் சொல்லுங்க சார்.”

“அது தெருவைப் பாக்கலம்மா. ஆடாம அசையாம, போத்திக்கிட்டு, ஒரு இடத்துல உக்காந்திருந்தா சாமான். அப்படித்தான் கத்துக்கிட்டிருக்கு. இந்த ஊர் வண்டி மட்டும் இல்ல. போன மாசம் இதே அறிவைத்தான் எல்லா ஊருக்கும் அனுப்பிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குள்ள ஓடற வண்டிக்கும் இதுதான். இனிமே வரப்போற பெரிய வண்டிக்கும் இதுதான்.”

அவர் மேலே எழுதிப் போட்டார். பதிலும் வந்தது. மனிதர்கள் ஓட்டும் வண்டிகளைவிட இந்த வண்டிகள் செய்கிற தவறு குறைவு என்றும், அக்கறைக்கு நன்றி என்றும் எழுதியிருந்தார்கள். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். எத்தனை ஊர், எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை போர்வை என்று மனசு போய்க்கொண்டே இருந்தது. வேண்டாம், முதலில் நம் வீட்டைப் பார்ப்போம் என்று இழுத்து நிறுத்தினாள். பயம் வந்தால் மனசு அவ்வளவுக்குத்தான் சுருங்கும். அதைக் குற்றம் சொல்ல முடியாது.

வெளியே உட்கார வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள். மூன்று நாள் உள்ளேயே வைத்தாள். மூன்றாம் நாள் சோற்றுத் தட்டை இடது கையால் தள்ளிவிட்டார். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னாள். கூடம், பட்டன், மூட்டை என்று கூப்பிட்டது, அவள் சிரித்தது, அவள் அழுத்தியது எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அழுதாள்.

அப்பா குழறிக் குழறிச் சொன்னார்: “உள்ள இருந்தா பொணம். வெளிய இருந்தா சாமான். அப்படித்தானே?”

“அப்படிச் சொல்லாதீங்கப்பா.”

“ஆளுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

“அசைஞ்சா தெரியும்பா. கையக் கிய்யத் தூக்கினா கண்டிப்பாத் தெரியும்.”

அப்பாவின் பாதி வாய் சிரித்தது. மீதி வாய்க்குச் சிரிக்க வராது. “கை காட்டணும். அவ்வளவுதானே?” என்றார். “நான் எத்தனை பேரைக் காட்ட வெச்சிருக்கேன்.”

மறுநாள் அவளுக்கு விடுமுறை. சாயங்காலம் அவளே அப்பாவைச் சந்து முனைக்குத் தள்ளிக்கொண்டு போய் டயர் அடுக்குப் பக்கத்தில் வைத்தாள். முதலில் அவள் நாற்காலிக்கு முன்னால் நின்று பார்த்தாள். வண்டி வந்தது, நின்றது. அவளைப் பற்றி அதற்குச் சந்தேகம் இல்லை. ஆனால் காலமெல்லாம் அப்படியே நிற்க முடியுமா? அடுத்த வண்டிக்கு நாற்காலியின் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். கைப்பிடியை மட்டும் விடவில்லை.

வண்டி வேகம் குறையாமல் வந்தது. அப்பா கம்பளிக்குள்ளிருந்து இடது கையை எடுத்து நீட்டினார், பஸ்ஸுக்குக் கை காட்டுகிற மாதிரி. வண்டி நின்றது. சைக்கிள் கடைக்காரர் தன்னை அறியாமல் கை தட்டினார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

“நிக்கட்டும். கொஞ்ச நேரம் நிக்கட்டும்” என்றார்.

ஆனால் கை நடுங்க ஆரம்பித்தது. மெல்ல மடியில் இறங்கியது. இறங்கின மறு நிமிஷம் வண்டி நகர்ந்தது. மெத்தை முட்டு அவர் முழங்காலில் பட்டது. அவள் நாற்காலியை வெடுக்கென்று பின்னால் இழுத்தாள். கை மேலே இருந்தவரை அவர் மனிதர். இறங்கியதும் மறுபடியும் சாமான். வண்டிக்கு இதில் மனவருத்தம் ஒன்றும் இல்லை. காலியான வழியில் அது தன் பாட்டுக்குப் போயிற்று.

அன்று இரவு சாப்பிடும்போது அப்பா சொன்னார்: “ஒரு நாள் நல்ல மழை. ஒரு பொம்பளை நிறுத்தத்துல நின்னா. ரெண்டு கையிலயும் பிள்ளை. கை காட்டல. நான் நிறுத்தாமப் போயிட்டேன்.” ஒரு வாய் விழுங்கினார். “ரெண்டு கையிலயும் பிள்ளைய வெச்சுக்கிட்டு எப்படிக் காட்டுவா? கண்ணாடியில பாத்தேன். தெரிஞ்சுதான் போனேன்.”

அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். அவரைக் குறை சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை இருந்தது?

அதற்குப் பிறகு அதுவே அவர்கள் வாழ்க்கை ஆயிற்று. சக்கரச் சத்தம் கேட்டால் அப்பா கையைத் தூக்குவார். வண்டி நின்று, காத்து, சலித்து, பின்சந்து வழியாகச் சுற்றிப் போகும்வரை தூக்கியபடியே இருக்க வேண்டும். கடைக்காரர் சும்மா இருந்தால் ஓடி வந்து நாற்காலியை ஓரம் இழுப்பார். பஸ்ஸைத் திட்டுவது நின்றுபோயிற்று. அப்பாவுக்கு இப்போது காது மட்டும்தான் வேலை செய்தது. தூக்கம் வந்தால் தூங்கவும் பயம். பெரிய வண்டிகளும் வர ஆரம்பித்தன, ஆள் உயரத்தில். சாமான் வண்டியின் பெரியண்ணன் மாதிரி, அதே மெத்தை முட்டோடு.

கூடத்தில் படங்கள் குறைந்துகொண்டே வந்தன. திரைகள் வெறுமனே விழித்துக்கொண்டிருந்தன. அக்கா பின்னல் வேலை கொண்டுவர ஆரம்பித்தாள். “இப்ப இதுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சுடி. நம்மள எதுக்குக் கேட்கப் போகுது?” என்றாள், ஏதோ தான் வளர்த்த பிள்ளை பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி. எல்லாம் தெரிந்துவிட்டது என்று டக்குவுக்குத் தோன்றவில்லை. கேட்பதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். இரண்டும் வேறு வேறு என்று அந்தக் கூடத்தில் அவளுக்குத்தான் தெரியும். தெரிந்து என்ன?

ஒரு மத்தியானம் சார் எல்லோரையும் கூப்பிட்டுக் கூடத்தை மூடுகிறோம் என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அவருக்கும் அன்றோடு வேலை இல்லை. திரைகளை லாரி வந்து எடுத்துக்கொள்ளும், நாற்காலிகளை வேண்டியவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொன்னார். சுழல் நாற்காலிகள், அடியில் சக்கரம் வைத்தவை. நல்ல நாற்காலியை எதற்கு விட வேண்டும் என்று அவளும் தன்னுடையதைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் ஏற்ற விடவில்லை. வழியெல்லாம் தள்ளிக்கொண்டே நடந்தாள். கல் இருந்த இடங்களில் சக்கரம் கடகடவென்று சத்தம் போட்டது.

பின்சந்து வழியாகச் சந்து முனைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சைக்கிள் கடை மூடியிருந்தது. அப்பாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கடைக்காரர் எங்கோ போயிருந்தார். அப்பா தனியாக, ரோட்டைப் பார்த்து, அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அவள் நாற்காலியின் சக்கரச் சத்தம் கேட்டதும் கம்பளி அசைந்தது. அப்பாவின் இடது கை மேலே எழுந்தது.

“அப்பா, நான்தான்.”

கை இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் மேலே போயிற்று. அவள் சுழல் நாற்காலியை அப்படியே விட்டாள்.

“அப்பா, நான்தாம்பா. கையை இறக்குங்க.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பக் கழுத்து வராது. ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“நின்னுட்டியா?”

“நின்னுட்டேம்பா” என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவர் கையை மடியில் இறக்கினார். அவள் பக்கத்தில் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்று, கனமாக இருந்தது. சந்தின் உள்ளேயிருந்து வேறு சக்கரங்களின் சத்தம் வந்தது, பெரிய வண்டி. அப்பா கையைத் தூக்கப் பார்த்தார். அது எழவில்லை.

அவள் அந்தக் கையைத் தன் கையோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்தாள்.